காசிமேட்டுக் கழிவுக் குவியலில் ஓர் ஆழ்கடல்: வடசென்னை நாட்குறிப்பு

வெள்ளி, தண்டையார்பேட்டை

சென்னைக் கரையிலிருந்து கிழக்கே 40, 50 கிலோமீட்டர் போனால் போதும், கடலின் தரை சரியத் தொடங்கிவிடும். அதுவரை 200 மீட்டருக்குள் அடங்கிக் கிடந்த தரை அதற்கப்பால் 500, 1000, 2000 என்று இறங்கிக்கொண்டே போகிறது. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரம்கூட இல்லை. அத்தை வீட்டு மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்துக்கு வெளியே காத்து நிற்கும் கப்பல்கள் தெரிகின்றன. அந்தக் கப்பல்களைத் தாண்டிச் சில மணி நேரப் படகுப் பயணத்தில், சூரிய ஒளியால் ஒரு செடிகூட வளர முடியாத உலகம் தொடங்கிவிடுகிறது.

நான் நாமக்கல்லில் பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். குருத்தெலும்பு மீன்கள் என்று வரும் இடத்தில் ஒரு சுறா, ஒரு திருக்கை, ஒரு வேளா மீன் என்று சொல்லிவிட்டு அடுத்த வகுப்புக்குத் தாவிவிடுவோம். மூன்றும் கரையை ஒட்டி வாழ்பவை. உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சுறா, திருக்கை, இவற்றின் உறவான கைமிரா ஆகிய குருத்தெலும்பு மீன் இனங்களில் ஏறத்தாழப் பாதி 200 மீட்டருக்குக் கீழேதான் வாழ்கின்றன. பாதிக் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு நடத்துகிற பாடம் அது. அந்த மற்றப் பாதியில் ஒன்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்றுதான் பொங்கல் முடிந்த கையோடு பஸ் ஏறினேன்.

மாமா காசிமேட்டில் ஐஸ் பாக்டரி ஒன்றில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். தன்னைத் தெரியாத படகுக்காரர் துறைமுகத்தில் இல்லை என்பது அவர் சொல்வது. அதில் பாதிப் பேர் ஐஸ் பாக்கி வைத்தவர்கள் என்பது அத்தை சொல்வது.

சுறா பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் அத்தைக்கு முகம் மலர்ந்தது. “பால்சுறாதானே? ஞாயிற்றுக்கிழமை வாங்கிப் புட்டு செய்துவிடலாம்.”

“பால்சுறா இல்லை அத்தை. அரை கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிற சுறா.”

“அதில் புட்டு வருமா?”

தெரியவில்லை என்றேன். பிறகு எதற்கு அவ்வளவு ஆழத்துக்குப் போக வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர் வெங்காயம் உரிக்கப் போய்விட்டார். மாமா மட்டும் கொஞ்சம் யோசித்து, ஆழ்கடல் இறாலுக்குப் போகிற விசைப்படகுகள் இரண்டு நாளை விடியலில் கரை சேரும் என்றும், இரவு இரண்டரை மணிக்கு எழுந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

சனி, காசிமேடு

விடியலுக்கு முந்தைய காசிமேட்டைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். சத்தம், ஈரம், ஐஸ் அரைக்கும் இயந்திரம், ஒதுங்க இடம் கொடுக்காமல் வரும் மீன்பாடி வண்டிகள். நான் அதற்குள் போகவில்லை. வஞ்சிரமும் வவ்வாலும் ஏலம் போகும் பக்கம் விளக்குகள் பளீரென்று எரிகின்றன. எனக்கு வேண்டியது அந்த வெளிச்சத்தின் ஓரத்தில் கிடந்தது.

ஆழ்கடல் இறால் படகிலிருந்து முதலில் இறங்குவது சிவந்த இறால் பெட்டிகள். கடைசியாக இறங்குவது பெயரில்லாத கலப்பு. நசுங்கிய நண்டு, விரல் நீளக் கணவாய், வாலெல்லாம் நூலாக மெலிந்த மீன்கள், எல்லாவற்றையும் சேர்த்து மண்வெட்டியால் அள்ளிப் போடுகிறார்கள். காய்ந்து பொடியாகிக் கோழித் தீவனத்துக்குப் போகிற சரக்கு. எந்த ஊரிலிருந்து வருகிறேன் என்று கேட்ட வியாபாரி, நாமக்கல் என்றதும் சிரித்துவிட்டார். “உங்கள் ஊர்க் கோழிக்குத்தான் டீச்சர் இது போகிறது. நீங்கள் இங்கே வந்து பார்க்கிறீர்கள்.”

அந்தக் குவியலில் குந்தி உட்கார்ந்து தேடினேன். முதலில் கையில் வந்தது ஒரு சாண் நீளச் சுறா. குட்டி இல்லை, முழுதாக வளர்ந்தது. எரிடாக்னிஸ் ராட்கிளிஃபி என்பது அதன் அறிவியல் பெயர். அதிகபட்ச நீளமே 24 சென்டிமீட்டர்தான்; உலகின் மிகச் சிறிய சுறாக்களில் ஒன்று. பழுப்பு உடல், நாடா போன்று நீண்ட வால், வாலில் கருப்புப் பட்டைகள். வங்காள விரிகுடாவின் சரிவுகளில் சேற்றுத் தரையை ஒட்டி வாழ்கிறது. ஒரு சூலுக்கு ஒன்று அல்லது இரண்டு குட்டி. சுறா என்றதும் வாயைப் பிளந்து வரும் பூதத்தையே நினைக்கிற நமக்கு, உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பிராணியைக் காட்டினால் நம்பச் சிரமமாக இருக்கும். என் மாணவர்களுக்காக அதை என் கையோடு வைத்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

குவியலில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. எலும்பு மீன்கள் பலவற்றுக்கு இரைப்பை வாய் வழியாக வெளியே பிதுங்கியிருந்தது. அவற்றின் வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது. ஆழத்தில் நசுங்கிக் கிடந்த காற்று மேலே வர வரப் பருத்து, உள்ளே இருப்பதை எல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. சுறாக்கள் அப்படியே இருந்தன. அவற்றிடம் காற்றுப்பையே கிடையாது.

நான் தேடி வந்தது பக்கத்துப் பெட்டியில் இருந்தது. சாதாரணச் சுறாக்களோடு சுறாவாக, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளத்தில், சாம்பலும் பழுப்பும் கலந்த நிறத்தில் கிடந்தது. மாமா செல்போன் விளக்கை அதன் தலைப் பக்கம் திருப்பினார். இரண்டு கண்களும் பச்சையாக எரிந்தன.

சென்ட்ரோஃபோரஸ். இந்தப் பேரினத்தில் பல இனங்கள் உண்டு. எது எந்த இனம் என்று பிரிப்பது நிபுணர்களுக்கே தலைவலி, அதனால் நானும் பேரினத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அடையாளம் எளிது. முதுகுத் துடுப்பு இரண்டு. ஒவ்வொன்றுக்கும் முன்னால் பள்ளம் ஓடிய ஒரு முள். அடிவயிற்றில் குதத் துடுப்பு இல்லை. மார்புத் துடுப்பின் உள் மூலை கூராக நீண்டிருக்கும். தலைக்குச் சற்றும் பொருந்தாத அளவில் கண்.

அந்தப் பச்சை, கண்ணின் நிறம் இல்லை. விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு இருக்கிறது. விழித்திரை பிடிக்கத் தவறிய ஒளியை அது திருப்பி அனுப்பி இன்னொரு முறை பிடிக்க வாய்ப்பளிக்கிறது. பூனைக்கும் மாட்டுக்கும் இது உண்டு. ஆனால் சரிவில் வாழும் சுறாவுக்கு மிஞ்சுவது மேலிருந்து கசிந்து வரும் கொஞ்சம் நீல ஒளியும், தானே ஒளிரும் மீன்களின் மினுக்கும்தான். அதில் ஒரு துளியையும் வீணாக்க முடியாது.

மூக்கின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தினேன். ஊசி முனைத் துளைகளிலிருந்து நிறமற்ற கூழ் முத்து முத்தாக எழுந்து வந்தது. ஸ்டெஃபானோ லோரன்சினி என்ற இத்தாலியர் 1678-ல் விவரித்த குழாய்கள் இவை. எதற்கென்று அவருக்குத் தெரியாது. 20-ஆம் நூற்றாண்டில்தான் புரிந்தது. சேற்றுக்குள் ஒளிந்திருக்கும் இறால் செவுளை அசைத்தால் எழும் மிகச் சிறு மின்புலத்தை அந்தக் கூழ் உள்ளே கடத்துகிறது. கண் தோற்கும் இருளில் மூக்கால் மின்சாரம் பார்க்கிற பிராணி. விரலில் ஒட்டிய கூழைத் துடைக்க மனம் வரவில்லை.

படகின் டிரைவர் வந்து நின்றார். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். “இருநூற்றைம்பது பாகம் இருக்கும்.” இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம், 250 பாகம் என்றால் ஏறத்தாழ 450 மீட்டர். அங்கே அழுத்தம் நமக்கு மேலே இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் 45 மடங்குக்கும் அதிகம். மேலே தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும்போது கீழே 10 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதோடு இன்னொரு சங்கடம், மூச்சு. கங்கையும் பிரம்மபுத்திராவும் கோதாவரியும் கிருஷ்ணாவும் கொட்டும் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேல் இலேசான அடுக்காகப் படர்ந்து, மேல் நீரையும் கீழ் நீரையும் கலக்கவிடாமல் தடுக்கிறது. மேலிருந்து விழும் கழிவு அழுகும்போது கீழே உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. அதனால் 150 மீட்டர் முதல் 600 மீட்டர் வரையிலான அடுக்கில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கே துள்ளிக் குதித்து வாழ வழியில்லை. மெல்ல நீந்தி, மெல்ல வளர்ந்து, மெல்லச் செலவழித்தால்தான் கட்டுபடியாகும்.

சுறாப் பெட்டியை எடுத்த வியாபாரியிடம் மாமா ஏதோ பழைய பாக்கியை நினைவூட்டினார் போலிருக்கிறது. அந்தச் சுறாவை எனக்காக அங்கேயே அறுக்கச் சொன்னார். மீன் வெட்டும் அக்கா அருவாமனையில் வயிற்றைப் பிளந்ததும் உள்ளே குடல், இரைப்பை என்று எதுவும் முதலில் தெரியவில்லை. வெளிர் மஞ்சள் நிறத்தில் இரண்டு நீண்ட மடல்களாக ஈரல் மட்டும்தான், செவுள் அருகிலிருந்து வயிற்றின் கடைசி வரை. உடல் எடையில் கால் பங்குவரைகூட வரும் ஈரல் இது.

ஒரு துண்டு ஈரலையும் ஒரு துண்டு சதையையும் கடல்நீர் வாளியில் போடச் சொன்னேன். சதை அடியில் போய் உட்கார்ந்தது. ஈரல் மிதந்தது.

“இது எண்ணெய்க் கட்டி” என்றார் அக்கா, கத்தியைத் துடைத்துக்கொண்டே. ஒரு வரியில் பாடத்தை முடித்துவிட்டார். காற்றுப்பை இல்லாத சுறா தண்ணீரில் மூழ்காமல் இருப்பது இந்த எண்ணெயால்தான். இதில் பெரும்பகுதி ஸ்குவாலீன். ஜப்பானிய வேதியியலாளர் மிட்சுமாரு சுஜிமோட்டோ 1906-ல் சுறா எண்ணெயிலிருந்து கண்டறிந்தது. ஒரு லிட்டர் கடல்நீர் 1,025 கிராம் என்றால் ஒரு லிட்டர் ஸ்குவாலீன் 860 கிராம்தான். காற்றைப் போல் அழுத்தத்தில் சுருங்குவதும் இல்லை. அதனால் இந்தச் சுறா இருநூறு மீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் அதன் மிதவை மாறாது. மேலே பிதுங்கிக் கிடந்த எலும்பு மீன்களுக்கு வாய்க்காத வசதி.

இரண்டு முதுகு முட்களையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். இந்த முட்களைக் குறுக்கே அறுத்து உள்ளே உள்ள வளையங்களை எண்ணித்தான் வயதைக் கணிக்கிறார்கள். பள்ளி ஆய்வகத்தில் அதற்கு வசதி இல்லை. இருந்தாலும் உப்புப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஞாயிறு, ராயபுரம்

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போவது மீன் பார்க்க அல்ல, மனிதர்களைப் பார்க்க. நான் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போனேன். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. தூண்கள் நன்றாக இருக்கின்றன. அவ்வளவுதான், மதிய வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட்டேன்.

சமையலறையில் நடந்தது அதைவிடச் சுவையானது. அத்தை பால்சுறா வாங்கியிருந்தார். மஞ்சள் போட்டு வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, கைப்பிடி கைப்பிடியாகப் பிழிந்தார். “நன்றாகப் பிழியாவிட்டால் வாடை போகாது” என்றார். அந்த வாடையில்தான் ஆழ்கடலின் கணக்கே இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். மாமா மெல்ல எழுந்து டிவி பக்கம் போய்விட்டார். அத்தை பிழிந்துகொண்டே கேட்டார்.

கடல்நீர் உப்பானது, மீனின் உடலிலிருந்து தண்ணீரை உறிஞ்சப் பார்க்கும். சுறாவும் திருக்கையும் அதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. நாம் சிறுநீரில் வெளியேற்றும் யூரியாவை அவை ரத்தத்திலும் சதையிலும் தேக்கி வைத்துக்கொள்கின்றன. உள்ளே இருக்கும் கரைசலும் வெளியே இருக்கும் கடலும் ஏறத்தாழச் சமமாகிவிடுவதால் தண்ணீர் இழப்பு இல்லை. சுறா செத்ததும் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக்குகின்றன. பழைய சுறாவில் மூக்கைப் பிடுங்கும் நெடி அதுதான். அத்தை பிழிந்து வெளியேற்றியதில் யூரியாவும் இருந்தது.

ஆனால் யூரியா அதிகமானால் புரதங்கள் குலையும். அதைத் தடுக்கக் குருத்தெலும்பு மீன்கள் ட்ரைமெத்திலமீன் ஆக்சைடு என்ற இன்னொரு பொருளையும் சேர்த்து வைக்கின்றன. சுருக்கமாக டி.எம்.ஏ.ஓ. இது புரதத்தைக் கட்டுக்குலையாமல் பிடித்து வைக்கும். யூரியாவுக்கு எதிராக மட்டுமல்ல, ஆழத்தின் அழுத்தத்துக்கு எதிராகவும். அதனால் ஆழத்தில் வாழும் சுறா இனங்களின் சதையில் யூரியா குறைந்து டி.எம்.ஏ.ஓ. கூடிக்கொண்டே போகிறது. உடலுக்குள் இருக்கும் மொத்த இடம் ஒன்றுதான். ஒன்றுக்கு இடம் கொடுக்க மற்றது விலக வேண்டும்.

“அப்படியானால் உன் சுறாவில் வாடை குறைவாக இருக்குமா?” என்றார் அத்தை.

நல்ல கேள்வி. அம்மோனியா நெடி குறையலாம், ஆனால் டி.எம்.ஏ.ஓ. சிதைந்தால் வருவதுதான் நாம் மீன் நாற்றம் என்று சொல்வது. ஒன்று போய் இன்னொன்று. அத்தை, தனக்குப் பால்சுறாவே போதும் என்று சொல்லிப் பூண்டைத் தட்டினார். இஞ்சி, பச்சை மிளகாய், நிறைய வெங்காயம், கடைசியில் கொத்தமல்லி. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

திங்கள், எண்ணூர், காட்டுப்பள்ளி

கும்மிடிப்பூண்டி ரயிலில் எண்ணூர். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம் பக்கம் போய் நின்றேன். சாம்பல் படிந்த சேறு, பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், நடுவே கழுத்தளவு தண்ணீரில் நின்று கைகளால் இறால் தடவிப் பிடிக்கும் இருவர். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது இந்தக் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. வீட்டுச் சுவர்களில் அந்தக் கறுப்புக் கோட்டைக் காட்டினார்கள். கரையை இந்தப் பாடு படுத்துகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத சரிவை என்ன செய்வார்கள் என்று நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. இங்கே கேட்பதற்காவது ஆட்கள் இருக்கிறார்கள்.

அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் காட்டுப்பள்ளி. துறைமுகத்துக்குள் விட மாட்டார்கள், வாசலோடு சரி. ஆனாலும் அந்த வாசலைப் பார்க்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. ஆறாயிரம் மீட்டர் ஆழத்துக்கு மூன்று மனிதர்களை இறக்குவதற்காகத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்தை, 2025 தொடக்கத்தில் இந்தத் துறைமுகத்துத் தண்ணீரில்தான் இறக்கிச் சோதித்தார்கள். ஆட்கள் உட்காரும் உருண்டை டைட்டானியக் கலவையால் ஆனது. உள் விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர். அறுநூறு மடங்கு அழுத்தத்தை வெளியே நிறுத்தி வைக்க அவ்வளவு உலோகம் வேண்டியிருக்கிறது. சுறா அழுத்தத்தை வெளியே நிறுத்துவதே இல்லை. உள்ளே வரவிட்டு, டி.எம்.ஏ.ஓ.வைக் கொண்டு புரதத்தை மட்டும் காப்பாற்றிக்கொள்கிறது.

அந்தத் தந்திரத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. மத்ஸ்யா தன் முழு ஆழத்துக்கு இறங்கும் நாளில், உள்ளே இருப்பவர்கள் சன்னல் வழியாக ஒரு சுறாவையும் பார்க்க முடியாது. 3,000 மீட்டரைத் தாண்டியதும் குருத்தெலும்பு மீன்கள் அரிதாகிவிடுகின்றன. போர்ச்சுகீசு நாய்ச்சுறா என்ற இனம் 3,700 மீட்டரை ஒட்டிப் பிடிபட்டதுதான் ஏறத்தாழக் கடைசி. எலும்பு மீன்களோ அதற்கும் கீழே போகின்றன. 2022-ல் ஜப்பானுக்குத் தெற்கே 8,336 மீட்டரில் நத்தை மீன் ஒன்று நீந்துவதைப் படம் எடுத்தார்கள். கடல் தரையின் மொத்தப் பரப்பில் பெரும்பகுதி சுறா இல்லாத தரை.

ஏன் என்பதற்கு இரண்டு விளக்கங்கள் சொல்கிறார்கள். ஒன்று, நேற்று அத்தைக்குச் சொன்ன இடப் பற்றாக்குறை: யூரியாவை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது, அதனால் டி.எம்.ஏ.ஓ.வை ஓரளவுக்கு மேல் ஏற்ற முடியாது. இன்னொன்று சாப்பாடு: அவ்வளவு பெரிய எண்ணெய் ஈரலைக் கட்டிக் காக்கப் போதுமான இரை ஆழத்தில் இல்லை. எனக்கு இரண்டாவதும் பிடித்திருக்கிறது. மேல் அடுக்கிலிருந்து விழும் மிச்சம் மீதியை வழியிலேயே எல்லோரும் எடுத்துக்கொள்ள, அடித்தளத்துக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

அதனால்தான் சரிவு இவ்வளவு முக்கியமாகிறது. மேலே 200, கீழே 3,000; இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட, கண்டத்தின் விளிம்பை ஒட்டிய மெல்லிய பட்டையில்தான் ஆழ்கடல் சுறாக்களில் பெரும்பாலானவை வாழ்கின்றன. அதன் மேற்பகுதியை எட்டுவது காசிமேட்டுப் படகுக்கு ஒரு ராத்திரி வேலை.

மாலையில் மீஞ்சூர் வழியாகத் திரும்பினேன். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை.

செவ்வாய், திருவொற்றியூர்

சனிக்கிழமை பார்த்த டிரைவரின் வீடு தேரடிக்குப் பின்னால் ஒரு சந்தில். மாமாவும் கூட வந்தார். தேநீரோடு பேச்சு நீண்டது.

அந்தச் சுறாவை அவர்கள் தேடிப் போவதில்லை என்றார் அவர். இறாலுக்கு மடி, அதாவது இழுவலை, இழுக்கிறார்கள்; இது கூடவே வருகிறது. சுறாவுக்கென்றே ஆழம் போகிறவர்கள் கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள்தான், ஆயிரங்கால் தூண்டிலோடு. அவர்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் தொழில்காரனுக்குத் தொழில்காரன் வைக்கும் மரியாதை இருந்தது.

ஈரல் எண்ணெய்க்கு யார் வாங்குகிறார்கள் என்று கேட்டேன். வருவார்கள், போவார்கள் என்றார். உலகச் சந்தையில் ஸ்குவாலீன் முகக் கிரீமுக்கும் போகிறது, சில தடுப்பூசிகளில் துணைப்பொருளாகவும் சேர்க்கப்படுகிறது. நம் முகத்தில் வழியும் எண்ணெயிலும் அது உண்டு. ஆலிவ் எண்ணெயிலிருந்தும் கீரைத்தண்டு விதையிலிருந்தும் எடுக்கலாம். கரும்புச் சர்க்கரையை நொதிக்கவைத்தும் செய்கிறார்கள். பூசிக்கொள்ள ஒரு பொருளுக்காக ஆழ்கடலைத் துழாவ வேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. கிரீம் டப்பாவில் எதிலிருந்து எடுத்தது என்று போடாததை நான் நெடுநாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். இங்கேயும் ஒரு முறை திட்டிவிடுகிறேன்.

பிறகு குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். சென்ட்ரோஃபோரஸ் முட்டை இடுவதில்லை. முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து, குட்டி மஞ்சள் கருவைத் தின்றே வளர்கிறது. அந்த முட்டை கோழி முட்டையைவிடப் பல மடங்கு பெரியது. மத்தியதரைக் கடலில் ஆராய்ந்த ஓர் இனத்தில் ஒரு சூலுக்கு ஒரே குட்டி. சுமக்கும் காலம் ஏறத்தாழ 2 ஆண்டு. பெண் சுறா பருவமடைவதற்கே பத்து வயதைத் தாண்ட வேண்டும். ஆயுள் முழுக்கச் சேர்த்தாலும் விரல்விட்டு எண்ணும் குட்டிகள்தான்.

டிரைவர் தேநீர் டம்ளரைக் கீழே வைத்தார். “இரண்டு வருடமா?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் நாங்கள் படகைக் கட்டிப் போடுகிறோம். இரண்டு வருடம் சுமக்கிறவளுக்கு 61 நாள் எந்த மூலைக்கு?”

அதை அவர் வாயால் கேட்டது எனக்கு நிம்மதியாக இருந்தது. நான் சொல்லியிருந்தால் உபதேசமாகிப் போயிருக்கும். அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லாத ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன். மாலத்தீவில் 1980 வாக்கில் இந்த வகைச் சுறாக்களை ஈரல் எண்ணெய்க்காகப் பிடிக்கத் தொடங்கினார்கள். சில ஆண்டுகள் கொட்டியது, பிறகு சரிந்தது. மறுபடி எழவேயில்லை. 2010-ல் அந்த நாடு எந்தச் சுறாவையும் பிடிக்கக் கூடாதென்று தடை போட்டது. அதற்குள் ஆழத்துச் சுறாக்களின் கதை முடிந்து வெகு நாளாகியிருந்தது.

“உயிரோடு திருப்பி விடலாம் என்றால், வருவதே செத்துத்தானே வருகிறது” என்றார் அவர். உண்மைதான். பத்து டிகிரியிலிருந்து மேலே இழுத்து வெயிலில் போட்டால் எது பிழைக்கும்? ஆகவே இதற்கு மாதக் கணக்கில் தடை உதவாது. ஆழக் கணக்கில் வேண்டும். இன்ன பாகத்துக்குக் கீழே மடி இறங்கக் கூடாது என்பது போல. ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் வடகிழக்கு அட்லாண்டிக்கில் 800 மீட்டருக்குக் கீழே அடிமடி இழுப்பதைத் தடை செய்தது. ஆஸ்திரேலியா இந்தப் பேரினத்தின் இரண்டு இனங்களுக்காகவே சரிவின் சில பகுதிகளை மூடியிருக்கிறது. டிரைவர் இதை முழுதாக ஏற்கவில்லை. எண்ணூறு மீட்டருக்கு இங்கே யாரும் மடி விடுவதில்லை, சுறா கிடைப்பது அதற்கு மேலே, இறால் கிடைக்கும் அதே ஆழத்தில். அங்கே தடை போட்டால் டீசல் கடனை யார் அடைப்பார்கள் என்று கேட்டார். மாமாவும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார். என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கழிவுக் குவியலுக்கு வெளியே யாரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

இங்கே பிடிபடும் ஆழ்கடல் சுறாக்களில் கணிசமானவை இனம் பிரிக்கப்படாமல் ‘சுறா’ என்ற ஒரே பெட்டியில் ஏலம் போகின்றன. சாண் நீளச் சுறா அந்தப் பெட்டிக்குக்கூட வருவதில்லை. எது குறைகிறது என்று கண்டுபிடிக்க முதலில் எது வருகிறது என்று எழுத வேண்டும். மாமாவின் பழைய ஐஸ் கணக்கு நோட்டில் பாதி வெறுந்தாள். பச்சைக் கண் சுறா எது வந்தாலும் தேதி, பாகம், நீளம், ஆணா பெண்ணா என்று எழுதி வைக்க டிரைவர் ஒப்புக்கொண்டார். ஆணுக்கு அடிவயிற்றுத் துடுப்போடு இரண்டு நீண்ட உறுப்புகள் இருக்கும், பார்த்தாலே தெரியும் என்று விளக்க ஆரம்பித்தேன். “முப்பது வருடமாகச் சுறா பிடிக்கிறேன் டீச்சர்” என்றார்.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. புதிய வண்ணாரப்பேட்டை மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம், ஆனால் மீன் இறங்கும் நேரத்துக்கு மெட்ரோ ஓடாது. பக்கத்தில் தங்குவதே நல்லது. ரப்பர் செருப்பு போடுங்கள், வழுக்கும். படம் எடுக்கும் முன் கேளுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஞாயிறு வேண்டாம். ஆழ்கடல் இறால் படகு எது என்று விசாரித்து, அதிலிருந்து கடைசியாக இறங்கும் கலப்பைப் பாருங்கள். ஆறு மணிக்குள் லாரி வந்து அள்ளிக்கொண்டு போய்விடும்.